ஓ.எம்.ஆரில் டெலிவரி ஹப்: காரப்பாக்கமா, பெரும்பாக்கமா?

கழிவெளி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு கூரியர் நிறுவனத்துக்காக சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கத்து டெலிவரியை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறோம். வடக்கே பெருங்குடி, தெற்கே சிறுசேரி. தினம் 1,200 பார்சல் வரும் என்கிறார்கள். ஒரே வாசலுக்குப் போகிறவற்றைச் சேர்த்துவிட்டால் சுமார் 900 நிறுத்தம். 18 ரைடர்கள், எல்லாரும் சொந்த பைக், பெட்ரோலும் அவர்கள் செலவு. சம்பளம் கிடையாது, பார்சலுக்கு இவ்வளவு என்ற கணக்குதான்.

ஹப் (பார்சல்களை இறக்கிப் பிரித்து ரைடர்களிடம் கொடுக்கும் இடம்) எங்கே போடுவது என்று முதலில் பழைய டெலிவரிப் பட்டியலை வைத்து ஈர்ப்பு மையம், அதாவது எல்லா முகவரிகளுக்கும் நடுவான புள்ளி, பார்த்தேன். மேடவாக்கத்தையும் சேர்த்துப் போட்டபோது புள்ளி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள் போய் விழுந்தது. அங்கே நாரைக்குத்தான் ஹப் போடலாம். அதனால் கணக்கை விட்டுவிட்டு நேரில் சுற்றியதில் இரண்டு இடம் தேறியது.

காரப்பாக்கத்தில் ஓ.எம்.ஆரிலிருந்து ஒரு தெரு உள்ளே, முன்பு ஃபர்னிச்சர் கடையாக இருந்த தரைத்தளம். 2,000 சதுர அடி, அடி 45 ரூபாய். மாதம் 90,000.

பெரும்பாக்கம் பக்கம், சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஷீட் போட்ட குடோன். அதே அளவு, அடி 22. மாதம் 44,000.

46,000 வித்தியாசத்தைப் பார்த்ததும் என் பார்ட்னர் பெரும்பாக்கம்தான் என்று முடிவே கட்டிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று எண்ணில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வர்க்கமூலம்

ஈர்ப்பு மையம் சதுப்பு நிலத்தில் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை. அந்தக் கணக்குக்கு ஏரி, கால்வாய், தண்டவாளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. சாலை வலையில் கணக்குப் போட வேண்டும். ஹகிமி என்பவர் 1964-லேயே ஒன்றை நிரூபித்தார்: தேவை எல்லாம் சந்திப்புகளில் இருப்பதாக எடுத்துக்கொண்டால், மொத்தத் தூரத்தைக் குறைக்கும் இடமும் ஏதாவது ஒரு சந்திப்பிலேயே கிடைத்துவிடும். வரைபடம் முழுக்கத் துழாவ வேண்டியதில்லை. பத்து இருபது சந்திப்புகளை எடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் சாலைத் தூரத்தை வைத்து ஒப்பிட்டால் போதும்.

ரைடரின் தூரம் இரண்டு வகை. ஹப்பிலிருந்து தன் ஏரியாவுக்குப் போய் மாலையில் திரும்பும் தூரம் ஒன்று. ஏரியாவுக்குள் வீடு வீடாகச் சுற்றும் தூரம் மற்றொன்று. ஹப்பை எங்கே வைத்தாலும் இரண்டாவது மாறாது. அதற்கு 1959-இல் வந்த ஒரு சூத்திரம் இருக்கிறது: நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பரப்பால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஒரு மாறிலியால் (பின்னாளில் கணக்கிட்ட மதிப்பு 0.7124) பெருக்க வேண்டும் (என் பெயர்க் காரணம் புரிந்திருக்கும்). உங்கள் பட்டை 18 கி.மீ. நீளம், 2 கி.மீ. அகலம் என்று வைத்தால் 36 சதுர கி.மீ. 900-ஐ 36-ஆல் பெருக்கினால் 32,400, அதன் மூலம் 180, பெருக்கினால் 128 கி.மீ. சாலை வளைவுக்கு 1.4 மடங்கு போட்டால் ஏறக்குறைய 180 கி.மீ. அதாவது நிறுத்தத்துக்கு 200 மீட்டர்.

போய்வரும் தூரத்துக்கு, ஒரு ரைடருக்கு ஒரு வழி சராசரியாகக் காரப்பாக்கத்திலிருந்து 5 கி.மீ., பெரும்பாக்கத்திலிருந்து 8 கி.மீ. என்று உத்தேசமாக வைக்கிறேன். 18 பேர் போய்வர முதல் இடத்தில் 180 கி.மீ., இரண்டாவதில் 288. வித்தியாசம் நாளுக்கு 108 கி.மீ. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், பைக் 40 கொடுக்கும் என்றால் கிலோமீட்டருக்கு 2.50. நாளுக்கு 270, மாதம் 26 நாளுக்கு 7,020 ரூபாய்.

ஏழாயிரத்துக்காக 46,000 கூடுதல் வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை. உங்கள் பார்ட்னர் சொல்வது சரி.

---

ஷட்டர்சாவி

வர்க்கமூலம் சார் கணக்கு அழகாக இருக்கிறது. நான் ஹப் இன்சார்ஜாகப் பல வருடம் குப்பை கொட்டியவன், கணக்குக்குள் வராத சிலதைச் சொல்கிறேன்.

ஓ.எம்.ஆர். ஒரு தீவு தம்பி. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே சதுப்பு நிலம். தெற்கே கேளம்பாக்கம் தவிர, மேற்கிலிருந்து உள்ளே வரப் பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடி ரோடு, அதை விட்டால் மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் ரோடு. இரண்டாவதில்தான் உங்கள் பெரும்பாக்கம் குடோன். காலையில் ஐ.டி. கம்பெனி பஸ்களும் பள்ளி வேன்களும் கிளம்பும் நேரத்தில் உங்கள் பதினெட்டு பைக்கும் அதே சிக்னலில் நிற்கும். எட்டு கிலோமீட்டர் என்று தாளில் எழுதலாம். ஒன்பதரை மணிக்கு அது வேறு எட்டு.

அப்புறம் ஹப் ஓ.எம்.ஆரின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நம் ஊரில் இடதுபுறம் ஓட்டுகிறோம், அதனால் சிறுசேரி நோக்கிப் போகும் பாதை கிழக்கே, ஊருக்குள் வரும் பாதை மேற்கே. சோழிங்கநல்லூர், நாவலூர் போகிற பையன்கள் அதிகம் என்றால் கிழக்குப் பக்கத் தெரு நல்லது. வெளியே வந்ததும் இடது பக்கம் திரும்பி ஓடிக்கொண்டே இருக்கலாம். மேற்கே எடுத்தால், மெட்ரோ வேலைத் தடுப்புகள் இருக்கும் இந்த நாளில் யூ-டர்ன் தேடியே பத்து நிமிடம் போகும். இல்லாவிட்டால் பையன் எதிர்த்திசையில் வருவான். அதற்கு நீங்கள்தான் காரணம் என்று சொல்வேன்.

கட்டடத்தில் நான் பார்ப்பது: விடியற்காலையில் பதினேழடி வண்டி தெருவுக்குள் வந்து திரும்ப முடியுமா? கேபிள் ஒயர் எவ்வளவு தாழத் தொங்குகிறது? அந்த நேரத்தில் எதிர் அபார்ட்மெண்டுக்குத் தண்ணி லாரி வருமா? ஓ.எம்.ஆரில் கட்டாயம் வரும். இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றால் உங்கள் லோடு இறங்க ஏழரை ஆகும். பதினெட்டு பைக் நிற்க முன்னால் இடம் உண்டா? கழிப்பறை உண்டா? இதைக் கேட்காமல் இடம் எடுக்கும் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஓர் அடி மேடை வைத்த தரைத்தளம் என்றால் இன்னும் நல்லது, ஏன் என்று டிசம்பரில் தெரியும்.

---

கழிவெளி

அண்ணே, காரப்பாக்கம் இடம் கிழக்குப் பக்கம்தான். தெருவில் தண்ணி லாரி வருகிறதா என்று நாளைக் காலை போய்ப் பார்க்கிறேன். பெட்ரோல் கணக்கில் ஏழாயிரம்தான் என்பது உண்மையிலேயே ஏமாற்றம். என் உள்ளுணர்வுக்கு ஆதாரம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

---

கிக்கர்

நான் ரைடர். வேறு கம்பெனி, வேறு ஏரியா. ஒரே ஒரு கேள்வி: அந்த ஏழாயிரத்தை யார் கொடுக்கிறார்கள்?

எங்கள் பக்கம் பெட்ரோல் எங்கள் கைக்காசு. உங்கள் பக்கமும் அப்படித்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஹப்பை ஐந்து கிலோமீட்டரில் வைத்தாலும் பதினைந்தில் வைத்தாலும் உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மாறாது. வாடகை மட்டும்தான் மாறும். புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஹப் ஊருக்கு வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். எங்கள் ஹப் அப்படித்தான் நகர்ந்தது. வாடகை குறைந்தது என்று மேலே கேக் வெட்டினார்கள், கீழே நாங்கள் டேங்க் நிரப்பினோம்.

பெட்ரோல்கூடப் பரவாயில்லை, நேரம் என்ன ஆகிறது? போகும்போது பையில் ஐம்பது பார்சலோடு போகிறோம், அந்தத் தூரத்துக்கு ஒரு பைசா கிடையாது. கதவைத் தட்டிக் கையில் கொடுத்தால்தான் காசு. மாலையில் டெலிவரி ஆகாததையும், பார்சல் கொடுக்கும்போது வாங்கிய சி.ஓ.டி. பணத்தையும் கட்டத் திரும்ப அதே ஹப்புக்கு வர வேண்டும், அதற்கும் கிடையாது.

---

வர்க்கமூலம்

கிக்கர் கேட்டது நியாயமான கேள்வி. நேரத்தையும் சேர்த்து மறுபடி போடுகிறேன்.

பெரும்பாக்கம் என்றால் ஒவ்வொரு ரைடருக்கும் நாளுக்கு 6 கி.மீ. கூடுதல். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் 20 நிமிடம். மணிக்குப் பத்து நிறுத்தம், பார்சலுக்கு 14 ரூபாய் என்று வைத்தால் அந்த 20 நிமிடத்தின் மதிப்பு சுமார் 60 ரூபாய். பெட்ரோல் 15. ஆக ஆளுக்கு நாளுக்கு 75, மாதம் 1,950. பதினெட்டுப் பேருக்கு 35,100.

எல்லாச் செலவையும் ஒரே சட்டியில் போட்டாலும் பெரும்பாக்கம்தான் இன்னும் 10,900 ரூபாய் மலிவு. ஆனால் இது ஒரு ரவுண்டுக்கு. மதியம் ஹப்புக்கு வந்து இரண்டாவது லோடு எடுத்துப் போகும் வழக்கம் இருந்தால் போய்வருவது இரட்டிப்பாகும்: 70,200. அப்போது காரப்பாக்கம் தெளிவாக ஜெயிக்கிறது. ஆகவே வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது, இரண்டாவது ரவுண்டு உண்டா?

---

ஷட்டர்சாவி

இப்போது இல்லை என்பார்கள் சார். பண்டிகை சேலில் வந்துவிடும், அப்புறம் போகாது.

இன்னொரு செலவையும் சேருங்கள். மாதம் இரண்டாயிரம் குறைகிறது என்றால் பையன் வேறு ஹப்புக்குப் போய்விடுவான். ஓ.எம்.ஆர். முழுக்கப் பையன்களைத் தேடுகிற கம்பெனிகள்தான். புதுசாக வருபவனுக்கு எந்த அபார்ட்மெண்டில் எந்த கேட் திறக்கும், எந்த செக்யூரிட்டி பார்சலை வாங்கி வைப்பார், எந்த டவருக்கு சர்வீஸ் லிஃப்ட்டில்தான் போக வேண்டும் என்பது தெரியாது. முதல் சில வாரம் பையில் கால்வாசி திரும்பி வரும். டெலிவரி ஆகாத பார்சலுக்கு உங்களுக்கும் கம்பெனி பணம் தராது.

---

அக்கரைக்காரி

நான் பனையூரில் இருந்து வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறேன். பின்கோடு 600119. சோழிங்கநல்லூருக்கும் அதே 600119. பின்கோடு ஒன்றுதானே என்று எங்களையும் ஓ.எம்.ஆர். ஹப்பிலேயே கட்டிவிடுகிறார்கள். நடுவில் கால்வாய் ஓடுவதை எந்த கம்ப்யூட்டரும் பார்ப்பதில்லை.

வரைபடத்தில் காரப்பாக்கமும் ஈஞ்சம்பாக்கமும் கூப்பிடு தூரம். பைக்கில் வந்து பாருங்கள், சோழிங்கநல்லூர் போய், அக்கரை வழியாக இ.சி.ஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) வந்து, மறுபடி வடக்கே ஏற வேண்டும். அந்தச் சாலையை விட்டால் தெற்கே அடுத்த நல்ல இணைப்பு கேளம்பாக்கம்–கோவளம்தான். அதனால் எங்கள் தெருப் பார்சலை எடுத்துக்கொள்ள யாருக்கும் விருப்பம் கிடையாது. "வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை" என்று போட்டுவிடுகிறார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

பின்கோடு 1972-இல் தபாலைப் பிரிக்க வந்தது. அதை வைத்து ரூட் பிரிப்பதை முதலில் நிறுத்துங்கள் அண்ணா. தபால் துறையே இப்போது நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்கு டிஜிபின் என்ற முகவரிக் குறியீடு கொடுத்துவிட்டது. இன்னொன்று, பிக்கப்பையும் கணக்கில் வையுங்கள். எங்களை மாதிரிப் பெண்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் சாயங்காலம் பார்சல் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். வெறும் பையோடு திரும்பும் ரைடர் அதை எடுத்துக்கொண்டால் அந்தத் திரும்பும் தூரத்துக்கும் அவருக்குக் காசு கிடைக்குமே.

---

கிக்கர்

அக்கா, "போன் எடுக்கவில்லை" என்று போடுபவன் சோம்பேறி இல்லை. மூன்று பார்சலுக்காகக் கால்வாயைச் சுற்றினால் நாற்பத்திரண்டு ரூபாய் கிடைக்கும், அந்த நேரத்தில் இந்தப் பக்கம் ஒரே டவரில் இருபது போடலாம். ரேட்டை தூரத்துக்குத் தக்க மாதிரி வைத்தால் நானே வருவேன். பிக்கப் யோசனை நல்லது.

---

லாச்சப்பல் தம்பி

நான் பாரிஸில் வான் ஓட்டுகிறேன், பார்சல் வேலைதான். இங்கேயும் இதே கதை நடந்தது. நகரத்துக்குள் வாடகை ஏற ஏற களஞ்சியங்கள் எல்லாம் புறநகருக்குப் போய்விட்டன, வான்கள் காலை மாலை நெரிசலில் நின்றன. பிறகு நகரசபை தலையிட்டது. 2016-இல் திருத்திய நகரத் திட்டத்தில் சரக்கு வேலைக்கென்றே இடங்களைக் குறித்து வைத்தார்கள். எங்கட லாச்சப்பல் தமிழ்க் கடைகளுக்குக் கிட்டவே, ரயில் பாதையை ஒட்டி ஒரு பெரிய சரக்குக் கட்டடம் 2018-இல் திறந்தது. மேல் தளத்தில் விளையாட்டுத் திடல்கூட உண்டு. அதற்கு முன்னமே ஒரு நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தைப் பார்சல் ஹப்பாக மாற்றியிருந்தார்கள்.

சென்னையில் பறக்கும் ரயில் நிலையங்கள் எவ்வளவு பெரிசு! போன முறை வந்தபோது திருவான்மியூர் நிலையத்தில் ஏறினேன், அவ்வளவு இடமும் சும்மா கிடக்கிற மாதிரி இருந்தது. அங்கே ஒரு தளத்தை ஏன் கேட்கக் கூடாது அண்ணை?

---

ஷட்டர்சாவி

கேட்கலாம் தம்பி. ரயில்வேக்காரர்கள் டெண்டர் விடுவார்கள், அதில் கலந்துகொள்ள 18 ரைடர் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு வயது போதாது. நகரத் திட்டத்தில் இடம் குறித்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. நம் ஊரில் குடியிருப்புத் தெருவில் ஹப் திறந்தால் ஆறே மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுப்பார், அவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

கழிவெளி தம்பிக்கு ஒரு யோசனை. உங்கள் லோடு எங்கிருந்து வருகிறது? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமென்றால் வண்டி படப்பை, வண்டலூர் வந்து, கேளம்பாக்கம் ரோடு பிடித்து ஓ.எம்.ஆருக்கு ஏறும். அதாவது தெற்கிலிருந்து வடக்கே வரும். சிறுசேரி, நாவலூர் பார்சல் அந்தந்த இடத்தைத் தாண்டித்தான் உங்கள் ஹப்புக்கு வருகிறது, வந்ததை ரைடர் மறுபடி தெற்கே தூக்கிப் போகிறான். மதர் ஹப்பிலேயே, அதாவது லோடு கிளம்பும் இடத்திலேயே, தெற்கு லோடைத் தனிப் பையில் கட்டி சீல் வைக்கச் சொல்லுங்கள். நாவலூரில் ஷட்டர் போட்ட ஒரு கடை அறை எடுங்கள், நூற்றைம்பது சதுர அடி போதும். லாரி போகிற போக்கில் ஐந்து நிமிடம் நின்று பைகளை இறக்கிவிட்டு வரட்டும். கேளம்பாக்கம், தையூர் பக்கம் குடியிருக்கும் பையன்கள் அங்கிருந்தே எடுத்துக்கொண்டு அங்கேயே முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பாதிப் பணம் இப்போது கியூ.ஆரில் வந்துவிடுகிறது, ரொக்கத்தை ஒருவர் வசூலித்துக் கட்டினால் போதும்.

வெள்ளம் பற்றி மறந்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். காரப்பாக்கமும் புனிதமில்லை. சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகத்தான் ஓ.எம்.ஆர். பாலத்துக்குக் கீழே போய்க் கால்வாயில் சேருகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டால் "இங்கே சொட்டுத் தண்ணி நிற்காது" என்பார். எதிரே டீக்கடையில் கேளுங்கள், முழங்காலா இடுப்பா என்று தொட்டுக் காட்டுவார்கள்.

---

கழிவெளி

அண்ணே, லோடு ஒரகடத்திலிருந்துதான். வண்டி ஓட்டுநரிடம் கேட்டேன், நீங்கள் சொன்ன வழியேதான் வருகிறார். நாவலூரில் அறை 8,000-க்குக் கிடைக்கும் போலிருக்கிறது.

ஆறு ரைடரை நாவலூருக்கு மாற்றினால் பிரதான ஹப்பில் பன்னிரண்டு பேர்தான். அப்போது 1,400 சதுர அடி போதும். காரப்பாக்கம் உரிமையாளர் இடத்தைத் தடுத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறார்: 63,000, நாவலூரோடு சேர்த்து 71,000. பெரும்பாக்கம் குடோனைவிட 27,000 கூடுதல். வடக்குப் பக்கப் பன்னிரண்டு பேருக்குக் காரப்பாக்கம் சராசரி 3 கி.மீ., பெரும்பாக்கம் 7 என்று வருகிறது. வர்க்கமூலம் சார் முறையில் போட்டால் ஆளுக்கு நாளுக்கு நூறு ரூபாய், மாதம் மொத்தம் 31,200. இரண்டாவது ரவுண்டு இல்லாமலே காரப்பாக்கம் ஜெயிக்கிறது.

டீக்கடையிலும் கேட்டேன். முழங்காலுக்குக் கீழே. மேடை ஓர் அடி இருக்கிறது, ரேக் அடித்தட்டை மட்டும் உயர்த்த வேண்டும்.

பார்ட்னரிடம் காட்டினேன். "மிச்சம் ரைடருக்கு, செலவு நமக்கா? பார்சலுக்கு 14-ஐ 13 ஆக்கு, சரியாகிவிடும்" என்கிறார். மாதம் 31,200 பார்சல், ஒரு ரூபாய் என்றால் அதே 31,200. எண் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

---

கிக்கர்

பதில் நான் சொல்கிறேன். அந்த நூறு ரூபாயில் பெட்ரோல் இருபது மட்டும்தான் என் பாக்கெட்டில் நிற்கும் காசு. மீதி எண்பது நேரத்துக்குப் போட்ட மதிப்பு. உங்களிடம் வரும் பார்சல் 1,200-தான். நான் அரைமணி மிச்சம் பிடித்தால் கூடுதல் பார்சல் வானத்திலிருந்து விழாது, அரைமணி முன்னால் வீட்டுக்குப் போவேன். நல்லதுதான், ஆனால் அது ரூபாய் இல்லை. நீங்கள் ஒரு ரூபாய் குறைத்தால் ஆளுக்குத் தினம் அறுபத்தேழு ரூபாய் ரொக்கமாகப் போகிறது. இருபது கொடுத்து அறுபத்தேழு எடுப்பீர்கள். பையன்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று உங்கள் பார்ட்னர் நினைக்க வேண்டாம்.

---

வர்க்கமூலம்

கிக்கர் சொல்வது சரி. நேரத்தின் மதிப்பு என்பது இடங்களை ஒப்பிட மட்டுமே. அதைக் காட்டி ரேட்டைக் குறைக்க முடியாது.

---

கழிவெளி

ரேட்டைத் தொடப்போவதில்லை. ஷட்டர்சாவி அண்ணன் சொன்ன அந்தத் திரும்பி வரும் பார்சல் விஷயத்தை வைத்துத்தான் பார்ட்னரைப் பேசினேன், அவருக்கு அது உறைத்தது, இறங்கி வந்துவிட்டார். காரப்பாக்கம் உரிமையாளர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். முழுதாகக் கொடுத்தால் அடி 40-க்கு இறங்குவார் என்று தோன்றுகிறது, அப்படியானால் 56,000. வெள்ளிக்கிழமை பேசுகிறேன். பனையூர், உத்தண்டிப் பார்சலுக்குத் தனி ரேட் வைத்து, பிக்கப்பையும் சேர்த்து ஒரே ஆளிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். அந்தப் பக்கமே குடியிருக்கும் ரைடர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

ஷட்டர்சாவி

அட்வான்ஸ் கொடுக்கும் முன் தடுப்புச் சுவர் யார் செலவு, கரண்டு மீட்டர் தனியா என்று எழுதி வாங்குங்கள். லாக்-இன் (நடுவில் காலி செய்ய முடியாத காலம்) பதினோரு மாதத்துக்கு மேல் வேண்டாம், ஒப்பந்தம் உங்கள் கையில் எத்தனை நாள் என்று கம்பெனிக்கே தெரியாது.

---

அக்கரைக்காரி

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான், சொந்த பைக். தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.